முக்கொம்பு வரை வந்த மீன்

போன மாதம் ஒரு காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. பணி ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கம் என்னை நினைப்பது ஆண்டுக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேனா என்று சான்று கேட்கும்போது மட்டும்தான். அதனால், "ராகவன் சாருங்களா? மீன்துறையிலேருந்து பேசறேன்" என்று ஒரு பெண் குரல் சொன்னதும், எதையோ திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டேன் போலிருக்கிறது என்றுதான் பயந்தேன்.

அப்படி ஒன்றும் இல்லை. பேசியவர் பெயர் மலர்விழி. நான் ஒரு காலத்தில் எதிரே கைகட்டி நின்ற உதவி இயக்குநர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்.

"கடலோர மீன்கள்ல எதெது குறைஞ்சுக்கிட்டு வருது, எதுக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்னு ஒரு பட்டியல் தயார் பண்றோம் சார். உல்லம் மீனுக்கு, 'கொள்ளிடத்தில் முக்கொம்பு வரை வரும்'னு பழைய பட்டியல்ல போட்டிருக்கு. ஆதாரம் தேடினா ஒரே ஒரு மீன்தான் இருக்கு. அந்தக் காகிதத்துல உங்க கையெழுத்து. செத்து மிதந்து வந்த மீனா சார் அது?"

"அது பெரிய கதைம்மா" என்றேன்.

"அப்ப எழுதியே குடுத்துடுங்க சார். ஃபைல்ல சேர்த்துடறேன்."

துறையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக எதுவும் மாறவில்லை என்பதை அறிந்து மகிழ்ந்தேன். கேள்வி வாய்மொழியாக வரும்; பதில் எழுத்தில் போக வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

உல்லம் கடல் மீன். ஆனால் முட்டையிடக் கடலை நம்பாது. ஆற்றில் புதுவெள்ளம் வந்து கடலில் கலக்கும்போது அந்தத் தண்ணீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் ஏறும். வெள்ளத்தை எதிர்த்து, ஒன்றும் தின்னாமல், வயிறு நிறையச் சினையோடு நீந்தும். கொள்ளிடத்தில் அது நெடுந்தூரம் ஏறி வந்த காலம் ஒன்று உண்டு. பிறகு நாம் அணை கட்டினோம். அணைக்கரையில் இருக்கும் கீழணை அதன் வழியை மறித்தது. பெருவெள்ளத்தில் கதவுகளை எல்லாம் தூக்கினால்தான் அந்த மீனுக்கு மேலே வர வழி. அப்படி ஏறினால் ஸ்ரீரங்கம் தாண்டி முக்கொம்பு மேலணை வரைக்கும் ஆறு திறந்து கிடக்கும்.

இதை எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வங்காளம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பிறந்து, விலங்கியல் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் மீன்துறையில் வேலை கிடைத்த ஐயங்கார் பையனைப் பயிற்சிக்கு அங்கேதான் அனுப்பினார்கள். அங்கே உல்லத்தைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்கள். பத்து மாதம் தயிர்சாதம் தின்றுகொண்டே அந்த மீனின் செதில்களை எண்ணினேன். அதன் மேல்தாடை நடுவே ஒரு பிளவு இருக்கும், அடிவயிறு ரம்பம் போல அறுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ருசி எப்படி என்று கேட்டால் மட்டும் பக்கத்து ஆளைக் காட்டுவேன். ஊரில் என் அப்பா, நான் என்ன உத்தியோகம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் "ஜலம் சம்பந்தப்பட்ட இலாகா" என்றே சொல்லிவந்தார். பொய் இல்லை. அந்த வித்தை எனக்குக் குடும்பத்திலிருந்து வந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

திருச்சியில் எங்கள் அலுவலகம் மன்னார்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. நான் ஆய்வாளர். எனக்கு மேலே உதவி இயக்குநர் சவரிமுத்து. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சவரிமுத்து சார் ஃபைலைப் பின்பக்கத்திலிருந்து, பழைய காகிதம் முதலாகப் படிப்பார். "முதல்ல யார் என்ன தப்புப் பண்ணினான்னு தெரிஞ்சாத்தானே, கடைசியில என்ன மழுப்பியிருக்கான்னு புரியும்" என்பார். நாம் எழுதிக்கொண்டு போன வரைவை நம் எதிரிலேயே வாய்விட்டுப் படிப்பார். 'மிகவும்', 'பெரிதும்', 'மேற்படி' எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வருவார். இரண்டு பக்கம் எழுதிப்போனால் ஆறு வரி மிஞ்சும். அந்த ஆறு வரி நாம் எழுத நினைத்ததாகவே இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மற்ற அதிகாரிகள் கோபம் வந்தால் நிற்க வைப்பார்கள். இவர் உட்கார வைப்பார். "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினால் அலுவலகம் முழுக்க டைப்ரைட்டர் நின்றுவிடும். மேலப்புதூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை தவற மாட்டார், வெள்ளிக்கிழமை மீன் தவற மாட்டார். மற்ற ஆறு நாளும் தவறாது என்பது வேறு விஷயம். மீனையே தொடாத என்னை மீன்துறையில் பார்த்ததில் அவருக்குத் தீராத சந்தோஷம். "நம்ம ஆபீஸ்ல பாரபட்சமில்லாம இருக்கற ஒரே ஆளு ராகவன்தான்யா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. அது உல்லம்.

அப்போது மீனுக்குச் சட்டத்தில் இருந்த மரியாதை சொல்லும்படியாக இல்லை. புதிதாக வந்த வன உயிரினச் சட்டம் புலியைக் காத்தது, மயிலைக் காத்தது. அதில் விலங்கு என்றால் என்ன என்று கொடுத்திருந்த விளக்கத்தில் பாலூட்டி உண்டு, பறவை உண்டு, பாம்பு, தவளை எல்லாம் உண்டு. மீன் இல்லை. வெடி வைக்கக் கூடாது, விஷம் கலக்கக் கூடாது என்ற பழைய வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான் எங்கள் கையில். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆணை இருந்தது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும், அணைக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே உள்ள கொள்ளிடம் பாலம் வரை, ஆற்றில் வலை போடக் கூடாது. மீறினால் மீன்பிடி உரிமம் ரத்து. ரத்தானால் மறுபடி கிடையாது. அவ்வளவுதான் உல்லத்துக்கு நாங்கள் கொடுத்த அரண்.

அந்த ஆணைக்கும் ஓர் ஆபத்து. ஆண்டுதோறும் உல்லம் வந்ததா என்று அறிக்கை போக வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு 'காணப்படவில்லை' என்று போனால் ஆணை காலாவதி. தலைமையகம் அதற்குத்தான் காத்திருந்தது. இல்லாத மீனுக்கு எதற்குத் தடை, இரண்டு மாதத்தையும் குத்தகைக்கு விட்டால் குஞ்சையும் விடாமல் வாரும் பொடிக்கண்ணி வலைக்காரர்கள் போட்டி போடுவார்களே என்பது அவர்கள் யோசனை. இரண்டு ஆண்டு 'காணப்படவில்லை' போய்விட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் சொல்லவரும் ஆடி மாதம், மூன்றாவது ஆண்டு.

"ஒண்ணு போதும்யா" என்பார் சவரிமுத்து சார். "ஒரே ஒரு மீனு. கையில புடிச்சுப் பார்க்கறாப்ல."

நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அட்டையில் உல்லத்தைப் படமாக வரைந்து, தாடைப் பிளவையும் ரம்ப வயிற்றையும் சிவப்பு மையில் காட்டி, கொள்ளிடக் கரையில் உரிமம் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், "இந்த மாதிரி ஒண்ணு கெடைச்சா உடனே ஆபீசுக்குக் கொண்டாங்க" என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்தேன். தடை செய்த இடத்தில், தடை செய்த மாதத்தில் கிடைக்கும் மீனை ஒருவன் என்னிடம் கொண்டுவந்தால், அது அவனே எழுதிக் கொடுக்கும் குற்ற ஒப்புதல் ஆகிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விதிகள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தவன் நான். மீன் கிடைக்காது என்று உள்ளூர நம்பியதால் யோசிக்கவில்லை போலும்.

அந்த ஆடியில் நல்ல வெள்ளம். கீழணைக் கதவுகள் எல்லாம் தூக்கியாயிற்று என்று தகவல் வந்தது. ஒருநாள் முற்பகல் நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு குளத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். உதவி இயக்குநர் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். மன்னார்புரத்தில் அதிகாரி என்று யாரும் இல்லை. தலைமை எழுத்தர் பஞ்சாபகேசன் மட்டும் இருந்தார்.

கொள்ளிடத்து வடகரையில் டோல்கேட் பக்கத்து மீனவர் மாரியப்பன் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கியிருக்கிறார். கேரியரில் ஈரச்சாக்கு. சாக்குக்குள் உல்லம்.

எங்கள் மீன்துறை அலுவலகத்துக்குள் மீன் என்று ஒன்று நுழைந்தது அதுவே முதல் தடவை. பஞ்சாபகேசன் திகைத்தார். ஆனால் விதி என்று வந்துவிட்டால் அவர் திகைப்பதில்லை. மீன் எங்கே பிடித்தது என்று கேட்டிருக்கிறார். பாலத்துக்குக் கீழே, அதாவது தடைப் பகுதிக்குள், என்று மாரியப்பன் சொல்லியிருக்கிறார். உடனே பறிமுதல் பதிவேட்டை எடுத்து, 'மாரியப்பன் என்பவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது, மீன் ஒன்று' என்று எழுதி, மாரியப்பனிடம் கைநாட்டும் வாங்கிவிட்டார். அடுத்து, பறிமுதலான பொருள் அழுகும் தன்மையுடையதாக இருந்தால் தாமதமின்றி இரண்டு சாட்சிகள் முன் ஏலம் விட வேண்டும். பியூன் ஒரு சாட்சி, எதிர்வரிசை சைக்கிள் கடைக்காரர் ஒரு சாட்சி. மணி அடித்தார். ஏலம் விட்டார்.

நான் திரும்பியபோது பஞ்சாபகேசன் முகத்தில் பெருமை வழிந்தது.

"சார், ஒரு கேசு. எல்லாம் முடிச்சுட்டேன்."

"மீன் எங்கே?"

"வித்தாச்சு. ரசீது போட்டாச்சு."

"என்ன மீன்யா அது?"

"மீனுதான் சார்" என்றார்.

சுவரில், அவர் தலைக்கு நேர் மேலே, நான் வரைந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஏலத்தில் எடுத்தவர் அடுத்த தெருவிலிருந்த டோரத்தி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஓடினேன். திருமண் துலங்கும் நெற்றியோடு, மூச்சு வாங்க அவர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றேன். அரிவாள்மனைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, மீன் ஆபீஸ் ஐயங்காரா? வாங்க வாங்க. சாப்பிட வந்தீங்களா?"

"டீச்சர், அதை வெட்டிட்டீங்களா?"

"பின்ன, வச்சு அழகா பார்ப்பாங்க?"

"தலை இருக்கா?"

"இருக்கு. அதைக் குழம்புல போடலாம்னு..."

"தலை எனக்கு வேணும். செதில் வேணும். சினை இருந்துச்சா?"

டீச்சர் கையிலிருந்த துண்டத்தைக் கீழே வைத்தார். "ஏன் சார், நீங்க தொடவே மாட்டீங்கன்னு சொன்னாங்க. தொட்டா, தலையும் சினையுமா கேக்குறீங்க! எது ருசின்னு விவரமா தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!"

நான் விளக்கினேன். இந்த ஒரு மீன் போனால் ஆற்றில் அதன் வழிக்கு இருக்கும் ஒரே காவலும் போய்விடும் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். பாதிச் சினை ஏற்கெனவே வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது. மீதியைத் தலையோடு சேர்த்துத் தள்ளினார். அரிவாள்மனையிலும் தரையிலும் ஒட்டியிருந்த செதில்களை நான் ஒவ்வொன்றாக நகத்தால் கிளப்ப, அவரும் கூட உட்கார்ந்து பொறுக்கினார்.

"எதுல எடுத்துக்கிட்டுப் போவீங்க?"

என் தோள்பையில் காலி டிபன் டப்பா இருந்தது. தயிர்சாத டப்பா.

"இதுலயா?" என்றார் டீச்சர். "வீட்டுல அடி விழும் சார்."

அலுவலகத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் தலையையும் சினையையும் இறக்கினேன். தாடையில் பிளவு இருந்தது. உல்லமேதான். சினை முற்றியிருந்தது, முட்டையிடத்தான் வந்திருக்கிறது. வங்காளத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆற்றில் வந்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன், அதுவும் தலையை மட்டும்.

டப்பாவை எவ்வளவு கழுவியும் பயனில்லை. என் மனைவி வைதேகி வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னன்னா இது?"

"ஆபீஸ் விஷயம்."

"பெருமாளே மத்ஸ்யமா அவதாரம் பண்ணியிருக்கார், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா என் டப்பாக்குள்ள பண்ணலை." அந்த டப்பா மறுபடி எங்கள் வீட்டு நடையைத் தாண்டவில்லை. அலுவலகத்தில் குண்டூசி போட்டு வைத்தோம்.

மறுநாள் காலை சவரிமுத்து சார் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிரித்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று.

"பஞ்சாபகேசன், உட்காருங்க."

டைப்ரைட்டர் நின்றது.

"அந்த ஆளு என்ன சொல்லி மீனைக் கொண்டாந்தாரு?"

"ஆய்வாளர் சார் கொண்டாரச் சொன்னாருன்னு சொன்னார் சார்."

"நாம கொண்டாரச் சொல்லி, அவரு கொண்டாந்து, நாம அவரைக் குற்றவாளி ஆக்கி, சாட்சிய வித்துச் சாப்பிடக் குடுத்திருக்கோம்" என்றார் சவரிமுத்து சார் மெதுவாக. "கேசு ஜெயிச்சா அவரு லைசென்ஸ் போகும். கேசு இல்லேன்னா மீனு எப்படி வந்துச்சுன்னு மேல கேப்பாங்க. பதில் இல்லேன்னா மீனு இல்ல."

சிக்கல் அதுதான். மாரியப்பன் வலையில் மீன் விழுந்தது உண்மை என்றால் உரிமம் போயிற்று. அந்த உரிமத்தில்தான் அவர், அவர் மனைவி, மச்சான் குடும்பம் எல்லோருக்கும் சோறு.

பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு. கிழிக்க முடியாது, அடிக்கக் கூடாது. சவரிமுத்து சார் யோசித்தார். பறிமுதல் செய்யும் அதிகாரம் ஆய்வாளருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான் உண்டு. தலைமை எழுத்தருக்குக் கிடையாது. பச்சை மையில் அந்தப் பதிவின் குறுக்கே எழுதினார்: 'அதிகாரமற்றவரால் எழுதப்பட்டது. பறிமுதல் அன்று. ஒப்படைப்பு.' கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினார்.

"பாதி கிணறு தாண்டியாச்சு. மீதி உங்க கையில. ஒப்படைச்சவர்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. என்ன எழுதணும்னு நான் சொல்லலை. பொய் எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்."

கொள்ளிடம் கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாரியப்பன் வீட்டு வாசலில் கட்டிலை எடுத்துப் போட்டார்கள். அவர் நின்றுகொண்டார். மனைவி சின்னப்பொண்ணு நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் காகிதத்தை எடுத்தேன்.

"மீன் எப்படிக் கெடைச்சுது, மாரியப்பன்?"

"வலையிலங்க."

"எந்த இடம்?"

"பாலத்துக்கு மேலதாங்க போட்டேன். தடை தெரியாதா எனக்கு? தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு. ரெண்டாவது தூணுக்குக் கீழ போயி மாட்டிக்கிச்சு."

நான் எழுதவில்லை. "மீன் மிதந்து வந்துச்சா?"

"மிதக்கறதா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "துள்ளுச்சு சார். வலையே கையை விட்டுப் போகப் பார்த்துச்சு. வெள்ளித் தாம்பாளத்தைத் தூக்கி அடிச்ச மாதிரி, வெயில்ல, ஒரு துள்ளு."

"யோவ்" என்றாள் சின்னப்பொண்ணு. "சார் எதுக்குக் கேக்குறாருன்னு வெளங்குதா உனக்கு? மிதந்துச்சுன்னு சொல்லித் தொலையேன்."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்?"

"பார்த்தவன் நான். துள்ளுச்சு."

"துள்ளுச்சு துள்ளுச்சுன்னு நீ துள்ளு. லைசென்சைப் புடுங்கிட்டுப் போவட்டும். அப்புறம் அந்த மீனு வந்து சோறு போடும்."

நான் குறுக்கிட்டேன். "சரி, கரைக்கு வந்தப்ப உசுரு இருந்துச்சா?"

"கரைக்கு வர்றதுக்குள்ள போயிருச்சுங்க. அது மானமுள்ள மீனு. தண்ணிய விட்டா நிக்கல."

"அப்ப நீங்க கையில எடுத்தப்ப உசுரு இல்லை."

"கையில எடுத்தப்ப இல்லீங்க."

எழுதினேன். 'கொள்ளிடத்தில் பாலத்தருகே உயிரற்ற நிலையில் என் கைக்குக் கிடைத்த மீனை, துறையின் வேண்டுகோளுக்கிணங்க ஒப்படைத்தேன்.' படித்துக் காட்டினேன்.

மாரியப்பன் காகிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "வலையக் காணோமே சார்?" என்றார்.

"வலை இதுல வேணாம்."

"துள்ளுனது?"

"அதுவும் வேணாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். வீட்டுக்குள் ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய உரிமப் புத்தகத்தைப் பார்த்தார். கட்டைவிரலை நீட்டினார். மை தடவி நான்தான் அழுத்தினேன். அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சவரிமுத்து சார் வாக்குமூலத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அடிப்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த நடை.

"உட்காருங்க, ராகவன்."

உட்கார்ந்தேன்.

"இதுல பொய் இருக்கா?"

"ஒரு வார்த்தையும் பொய் இல்லை சார்."

"அதைத்தான் நானும் பார்த்தேன்." கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "மேல இருக்கறவங்க இதைப் படிச்சா, செத்து மிதந்த மீனுன்னுதானே நினைப்பாங்க?"

"நினைப்பாங்க சார்."

"செத்த மீன் எந்தப் பக்கம் போகும்?"

"தண்ணி போற பக்கம். கிழக்கே."

"அப்ப பாலத்துக்கிட்ட வந்து சேர்ந்த மீனு, அதுக்கு மேற்கேயிருந்து வந்திருக்கணும். மேற்கே என்ன இருக்கு?"

"முக்கொம்பு சார்."

"மேலணை. அதுதான் எல்லை. அதுவரைக்கும் உல்லம் போகுதுன்னு ஆகுது." அவர் முகத்தில் ஒரு பொடிச் சிரிப்பு. "தடையைப் புதுப்பிச்சா மட்டும் போதாது. பாலத்துலேருந்து முக்கொம்பு வரைக்கும் நீட்டணும்னு எழுதிடுவோம். இவ்வளவு நாள் அவங்க கேட்டாங்க, ஆதாரம் எங்கேன்னு. ஜாடியே போகட்டும்."

போயிற்று. தலை, பாதிச் சினை, உறையில் ஒட்டிய செதில்கள், வாக்குமூலம், உதவி இயக்குநரின் ஆறு வரிக் குறிப்பு. தலைமையகத்தில் எவராலும் வாய் திறக்க முடியவில்லை. ஆணை புதுப்பிக்கப்பட்டது, முக்கொம்பு வரை நீண்டது. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சவரிமுத்து சார் செலவில் காப்பியும் மெதுவடையும். பஞ்சாபகேசனுக்கு இரண்டு வடை.

அடுத்த ஆடி பிறந்ததும் மாரியப்பன் வந்தார். அலுவலக வாசலிலேயே நின்றார்.

"தடை மாசத்துல பாலத்துக்கு மேல வலை போட்டுத்தான் சார் இத்தனை வருஷமா ஓட்டுனோம். இப்ப மேலயும் போடக் கூடாதாம். லைசென்சைக் காப்பாத்திட்டீங்க. ஆத்த எடுத்துட்டீங்களே."

ஆணையின் நகலில் என் சுருக்கொப்பமும் இருந்தது. முக்கொம்பு என்று எழுதியபோது மீனைத்தான் நினைத்தோம். பாலத்துக்கு மேலே நிற்கும் ஆள் நினைவில் இல்லை. மாரியப்பன் ஒருவர் மட்டுமில்லை, அந்தக் கரையில் இன்னும் பல வீடுகள். சவரிமுத்து சார் உள்ளேயிருந்து கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்தார். ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, மாரியப்பன்" என்றார். இந்த முறை டைப்ரைட்டர் எதற்காக நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் வழி செய்தார். கரைக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதமும் காவிரிப் பக்கம் வலை போடத் தற்காலிக அனுமதி. மாரியப்பனுக்குப் பருவக் காவலர் வேலை: பாலத்திலிருந்து மேற்கே நடந்து, வலை இருக்கிறதா, உல்லம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கல்வித் தகுதி என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "உல்லத்தைக் கண்ணால் பார்த்தவர்னு போடுங்க. மாவட்டத்துல வேற எவனுக்கும் அந்தத் தகுதி கிடையாது" என்றார்.

காக்கித் தொப்பியோடு மாரியப்பன் மூன்று வருஷம் நடந்தார். ஆவணிக் கடைசியில் அலுவலகம் வந்து, 'உல்லம் காணப்படவில்லை' என்ற அறிக்கையில் கைநாட்டு வைப்பார். பிறகு மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு வருஷமும் அதையே கேட்பார்.

"அந்தக் காயிதத்துல மாத்திட்டீங்களா சார்? துள்ளுச்சுன்னு?"

"இன்னும் இல்லை, மாரியப்பன்."

"எங்கூர்ல கேலி பண்றானுங்க சார். செத்த மீன் புடிச்சவன்னு பேரு வச்சிட்டானுங்க."

மாற்றினால் வலை வெளியே வரும். வலை வந்தால் உரிமம் போகும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார். நானும் தெரிந்தே தலையைக் குனிந்துகொள்வேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சவரிமுத்து சார் ஓய்வு பெற்றார். மூன்று 'காணப்படவில்லை' சேர்ந்தன. எண்பதுகளின் நடுவிலேயே ஆணை காலாவதி ஆனது. மாரியப்பனுக்கு ஆறு திரும்பக் கிடைத்தது, தொப்பி போயிற்று. ஆனால் 'முக்கொம்பு வரை' என்ற இரண்டு சொற்கள் எங்கள் அறிக்கையிலிருந்து ஒரு பட்டியலுக்கும், அதிலிருந்து இன்னொன்றுக்கும் ஏறிப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. எந்த அணையும் அவற்றை மறிக்கவில்லை.

மாரியப்பனைக் கடைசியாகப் பார்த்தது கொள்ளிடம் பாலத்தில். வெள்ளம் பார்க்கக் கூட்டம் நின்றது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ முன்பின் தெரியாத குடும்பத்துக்குக் கீழே கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தத் தூணுதான். ரெண்டாவது. வெள்ளித் தாம்பாளம் மாதிரி." என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அதிகாரி முன்னால் வலையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

இனி அவருடைய உரிமத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. ஆகவே, மலர்விழி அம்மா, முறைப்படியே எழுதுகிறேன், கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

திருத்தம். 'முக்கொம்பு வரை' என்பதை 'கொள்ளிடம் பாலம், இரண்டாவது தூண் வரை' என்று மாற்றவும். 'உயிரற்ற நிலையில் கிடைத்தது' என்பதை 'வலையில் பிடிபட்டது. பிடிபட்டபோது துள்ளியது' என்று மாற்றவும். முதல் அறிக்கையில் இவற்றை விட்டவர்: ராகவன், ஆய்வாளர். பார்த்தவர்: மாரியப்பன், உரிமம் பெற்ற மீனவர்.